காற்றாலை டிரெய்லருக்குப் புது ஆக்சில் போட்ட கதை

டிரெய்லர் இப்போது நேராக ஓடுகிறது. இரணியலில் இருந்து தக்கலை வழியாகக் குலசேகரம் வரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி இரண்டு ஹப்பிலும் (சக்கரத்தின் நடுக்குடம்) கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அளவுகள் எழுதிய அட்டை கிரீஸ் பட்டு அழிந்துபோவதற்குள் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், இந்த மாதிரிப் பழைய வண்டியை வாங்கி விளையில், அதாவது தோப்பில் போட்டிருக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

வண்டி இரண்டு சக்கரம் வைத்த தங்கும் டிரெய்லர். முப்பந்தல் பக்கம் காற்றாலை நட்ட காலத்தில் ஆட்கள் தங்குவதற்காகக் கட்டியது என்று விற்றவர் சொன்னார். பெட்டி 13 அடி நீளம், 6 அடி அகலம், மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு, உள்ளே இரண்டு படுக்கைப் பலகை, ஒரு மேடை, அவ்வளவுதான். கீழே 100 மிமீ சேனலில் (‘ப’ வடிவ இரும்பு) செய்த சேசிஸ், அதாவது அடிச்சட்டம், ஜீப் ஹப், ஜீப் ரிம், 6.00-16 டயர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பாதி ஆயுளும் முட்டம் பக்கம் கடலோரத்தில் மீதி ஆயுளும் கழித்த வண்டி. மேலே பார்த்தால் அழகாக இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் உப்புக்காற்று செய்த வேலை தெரியும்.

கோளாறு இரண்டு விதமாகத் தெரிந்தது. ஒன்று, இடது டயர் உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்தது. இன்னொன்று, இழுத்துப் போகும்போது பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது: வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகிறது. இந்த இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒற்றை ஆக்சில் வண்டியில் ஆக்சில் கோணலாக உட்கார்ந்திருந்தால் வண்டி கோணலாக ஓடுமே தவிர டயர் அப்படித் தேயாது, சக்கரம் தன் திசையில் உருண்டுகொண்டுதான் இருக்கும். டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இரண்டும் இருந்தது.

அளந்தது தேங்காய் காயப்போடும் சிமென்ட் களத்தில். அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிற தரை. வளைவு பார்க்க ரிம் மேல் ஓரத்தில் இருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தேன். வலது பக்கம் 3 மிமீ, இடது பக்கம் 11 மிமீ, இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தன. சக்கரத்தை அரைச்சுற்று சுற்றி மறுபடி அளக்க வேண்டும், இல்லையென்றால் ரிம் நெளிவையும் ஆக்சில் வளைவு என்று எண்ணிவிடுவோம்.

கோணல் பார்க்க இழுவை வளையத்தின் நடுவில் இருந்து ஒரு தூக்குக்குண்டு, இரண்டு ஹப் மூடியின் நடுவில் இருந்தும் ஆளுக்கொன்று. தரையில் மூன்று புள்ளி சாக்பீஸால் குறித்துவிட்டு, முன் புள்ளியில் இருந்து பின் புள்ளிகளுக்கு டேப் பிடிக்க வேண்டும். டேப் தொய்வு ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்றை டேப் முனையில் மாட்டி, முள் 5 கிலோவில் நிற்கும்வரை இழுத்துப் படித்தேன். மச்சினன் சிரித்தான், ஆனால் அப்படிச் செய்த பிறகுதான் எத்தனை முறை அளந்தாலும் ஒரே எண் வந்தது. வலது 3,412, இடது 3,398. வித்தியாசம் 14 மிமீ. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் இழுவை வளையத்தில் இருந்து பெட்டியின் பின்முனை வரும்போது அது நாலரை சென்டிமீட்டர் விலகலாகி நிற்கிறது. குறுகலான ரோட்டில் எதிரே பஸ் வந்தால் அது தெரியும்.

அடுத்து எடைமேடை. டிரெய்லரைக் கழற்றி முழுதாக மேடையில் நிறுத்தினால் 1,140 கிலோ. இழுக்கிற வண்டியில் மாட்டியபடி டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினால் 1,030. ஆகக் கொக்கியின் மேல் உட்காருவது 110 கிலோ, பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒற்றை ஆக்சில் தங்கும் டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருப்பது நல்லது என்று அமெரிக்காவில் கணக்கு வைக்கிறார்கள், அது குறைந்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். எடைமேடைக்காரர் இரண்டு சீட்டுக்கும் பணம் வாங்கினார், அது நியாயம்தான்.

ஆக்சில் வகை பற்றி ஒரு வரி. வெளிநாட்டுப் பழைய வண்டிகளை, அதாவது ஏர்ஸ்ட்ரீம் மாதிரி வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் மாற்றுவது பெரும்பாலும் ரப்பர் டார்ஷன் ஆக்சில். சதுரக் குழாய்க்குள் ரப்பர் கம்பிகளை அமுக்கி வைத்திருப்பார்கள், வயதானால் ரப்பர் இறுகிப்போய் வண்டி தொப்பென்று இறங்கி உட்கார்ந்துவிடும், அப்புறம் ரப்பரை மட்டும் மாற்ற வழியில்லை, முழு ஆக்சிலும் போக வேண்டியதுதான். ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு ரப்பர் ஆக்சில் போடலாமே என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதை இறக்குமதி செய்து, பழுதானால் மறுபடி எங்கே போவது? பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் என்றால் மார்த்தாண்டத்திலும் கிடைக்கும், திங்கள்சந்தையிலும் கிடைக்கும். பட்டையே இருக்கட்டும் என்று முடிவு.

பழைய இரும்புக் கடையில் ஒரு டிராக்டர் டிரெய்லர் ஆக்சில் கிடந்தது. 4,500 ரூபாய். பார்க்கப் பலமாக இருந்தது, நல்ல உருண்டைக் குழாய், ஹப்போடு. வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அடியில் உருட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் உட்காரும் தளத்தின் நடு அளவு 1,020 மிமீ, என் சேசிஸில் 960. தளம் குழாயோடு சேர்த்து வெல்டிங் செய்தது, நகர்த்த முடியாது. டயர் நடுவுக்கு நடு அளவும் 120 மிமீ கூடுதல், அப்படியே போட்டால் சக்கரப் பெட்டியின் வெளித்தகட்டில் டயர் உரசும். போதாததற்கு ஹப்பில் ஆறு போல்ட், என் ரிம்மில் ஐந்து ஓட்டை. திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் 3,000 தந்தார். செகண்ட் ஹேண்ட் ஆக்சில் வாங்கப் போகிறவர்கள் மூன்று அளவை மட்டும் கையில் எழுதிக்கொண்டு போனால் போதும்: ஸ்பிரிங் நடுவுக்கு நடு, டயர் நடுவுக்கு நடு, போல்ட் வட்டம் (எல்லாப் போல்ட்டின் நடு வழியாகவும் போகும் வட்டத்தின் விட்டம்). ஐந்து போல்ட் ஹப்பில் வட்டத்தை நேராக அளக்க முடியாது, எதிரெதிரே போல்ட் இருக்காது. பக்கத்துப் பக்கத்துப் போல்ட் இரண்டின் நடு தூரத்தை அளந்து 1.7 ஆல் பெருக்க வேண்டும். எனக்கு 82 வந்தது, பெருக்கினால் 139.7 பக்கம், ஜீப் அளவு.

சரி, புதிதாகவே செய்துவிடலாம் என்று கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைக்குப் போனேன். என் எண்ணம், நடுவில் சதுரக் கம்பி, இரண்டு முனையிலும் கடைந்த ஸ்டப்பை (ஹப் மாட்டுகிற முனைத்துண்டு) வைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்பது. லேத்துக்காரர் அண்ணன் பழைய ஆக்சில் படத்தைப் பார்த்துவிட்டு, “மக்கா, ஒட்டுப்போட்ட ஆக்சில நான் கடஞ்சு தரமாட்டேன் கேட்டியா. ஒரே கம்பில எடுப்போம், இல்லன்னா வேற எடம் பாரு” என்றார். வெல்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரியாக அந்த இடத்தில்தான் சுமை முழுக்க விழும் என்பது அவர் வாதம். ஒத்துக்கொண்டேன்.

கம்பி ஈஎன்8 என்ற வகை எஃகு, 60 மிமீ சதுரம், நீளம் 1,720. எடை 48 கிலோவுக்கு மேல், அறுத்துத் தர 4,700 ஆயிற்று. பழையது 50 மிமீ சதுரம். பத்து மிமீதானே என்று தோன்றும், ஆனால் வளைவைத் தாங்கும் பலம் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடிவிடுகிறது. இவ்வளவு நீளக் கம்பியைக் கடையப் பத்தடி லேத் வேண்டும், எல்லாப் பட்டறையிலும் அது இருக்காது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசல் விவரம் முக்கியம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உள் பேரிங் 30208, அதாவது துளை 40 மிமீ, வெளிவட்டம் 80. வெளி பேரிங் 30206, துளை 30, வெளிவட்டம் 62. இரண்டும் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கிற எண்கள், அதற்காகவே அவற்றைத் தேர்ந்தெடுத்தோம். சதுரத்தில் இருந்து முதலில் 50 மிமீ உருண்டையாக இறங்கும், அதில் ஆயில் சீல் உட்காரும். சதுரம் முடிந்து உருண்டை தொடங்கும் மூலையைக் கத்தி மாதிரி வெட்டாமல் 5 மிமீ வளைவாக விடச் சொன்னேன், சொல்வதற்கு முன்பே அவர் அதற்கான டூலைத் தீட்டிக்கொண்டிருந்தார். விரிசல் பிறப்பது அந்த மூலையில்தான். அப்புறம் 40, அப்புறம் 30, முனையில் எம்24 மரை, நட்டு கழலாமல் தடுக்கிற காட்டர் பின்னுக்கு 5 மிமீ துளை. பேரிங் ஆக்சிலில் அடித்து ஏற்றும்படி இறுக்கமாக இருக்கக் கூடாது, கையால் தள்ளினால் வழுக்கிப் போய் உட்கார வேண்டும். ஹப்புக்குள் இருக்கும் வெளிக் கிண்ணம்தான் இறுக்கமாக இருக்க வேண்டும். அவர் கடைந்து முடித்துத் துணியால் துடைத்துவிட்டுப் பேரிங்கை முனையில் வைத்து ஒரு விரலால் தள்ளினார், மெதுவாகப் போய் ‘டக்’ என்று தோளில் நின்றது. கடைசல் கூலி 5,500.

இதற்கிடையில் பழையதைக் கழற்றும் வேலை. ஜாக்கி 5 டன் பாட்டில் ஜாக்கி. கட்டை வைப்பதற்கு முதலில் கையில் கிடைத்த ரப்பர் மரத் துண்டுகளை அடுக்கினோம், ஒன்று சுமை ஏறியதும் நாருவாக்கில் பிளந்தது, உடனே இறக்கிவிட்டு அயினிக் கட்டை நாலு வாங்கி வந்தேன். அயினி அசையவில்லை. ஹாலோ பிளாக் வைத்து வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அது உடைவதற்கு முன்னால் சத்தம் கொடுக்காது.

வலது சக்கர நட்டு ஐந்தும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. இடது பக்கம் ஒன்றும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பேனரில் நாலடிக் குழாய் மாட்டி, மச்சினன் அதன் மேல் ஏறி நின்று, “அத்தான், இது வெல்டு பண்ணி வச்சிருக்கானுவ” என்றான். போல்ட் முனையில் இருந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால் ‘எல்’ என்று ஒரு எழுத்து குத்தியிருக்கிறது. பழைய ஜீப்பில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை போடும் வழக்கம் உண்டு. நாங்கள் இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். மறுபக்கம் திருப்பினால் நாலு கழன்றது, ஐந்தாவது போல்ட் முறிந்தது. ஹப் எப்படியும் மாற்றப் போகிறதுதான் என்பதால் நஷ்டம் இல்லை. புது ஹப்பில் இரண்டு பக்கமும் வலது மரைதான் போட்டேன், நாளைக்கு வழியில் பஞ்சர் ஒட்டுகிறவர் என்னைத் திட்டக்கூடாது.

ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட்டுகளை ஸ்பேனரால் கழற்றப் பார்ப்பதே வீண், கிரைண்டரால் அறுத்துத் தள்ளினோம். ஆக்சில் கீழே விழுந்ததும்தான் உண்மையான கதை தெரிந்தது. ஸ்பிரிங் தளத்துக்குக் கீழே, வெளியே இருந்து பார்த்தால் கறுப்புப் பெயின்ட் ஒழுங்காக இருந்த இடத்தில், தளத்துக்கும் கம்பிக்கும் நடுவில் துரு அடை அடையாக வீங்கியிருந்தது. உளியால் தட்டினால் அப்பளம் உதிர்வதுபோல் உதிர்ந்தது, 50 மிமீ கம்பி ஒரு இடத்தில் 43 ஆகியிருந்தது. இடது பக்கம் வளைந்தது சரியாக அங்கேதான். இடது ஸ்பிரிங்கின் இரண்டாவது பட்டையும், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் ஓட்டையில் விரிசல் விட்டிருந்தது.

அதைவிட மோசம் சேசிஸ். முன் ஸ்பிரிங் தாங்கிக்கு மேலே சேனலின் உள்பக்கம் மண்ணும் உப்பும் சேர்ந்து குழைந்து, ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு. ஆக்சில் மாற்றும் வேலை என்று ஆரம்பித்தது இங்கேதான் சேசிஸ் வேலையாக மாறியது. நேரத்தில் பாதி இதற்குத்தான் போனது, ஆக்சில் சின்ன விஷயம்.

ஸ்பிரிங்கைப் பட்டை அடிக்கிற ஆசாரியிடம் கொடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு பட்டை புதிதாகப் போட்டு, மீதியைப் பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றி, பட்டை முனையில் இருக்கும் வளையக் கண்ணுக்குப் புது புஷ் அடித்துக் கொடுக்க 3,800. இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் ஒத்திருக்கிறதா என்று அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று 9 மிமீ உயரமாக இருந்தது, ஆசாரி முகம் சுளிக்காமல் மறுபடி உலையில் வைத்து அடித்தார்.

வெல்டிங்குக்கு முன்னால் செய்த இரண்டு காரியம். சேசிஸ் எண் குத்தியிருக்கும் இடத்தைத் தேடித் துடைத்து, அதற்கு இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டு, கிரைண்டரோ கேஸ் கட்டரோ அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று வெல்டரிடம் சொன்னது. அந்த எண் அழிந்துபோனால் வரும் தொல்லைக்கு முன்னால் ஆக்சில் செலவு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். இரண்டாவது, தாங்கிகளுக்கு மேலே இருந்த பிளைவுட் தரையை ஒன்றரை அடிக்கு அறுத்து எடுத்தது. எடுத்தும்கூட ஓரத்தில் புகைய ஆரம்பித்தது, ஈரச் சாக்கும் இரண்டு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருந்ததால் அத்தோடு போயிற்று. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வெளியில் இருக்கும் வெல்டருக்கு அது தெரியாது.

துருப்பிடித்த சேனல் பகுதியை வெட்டி எடுத்துப் புதுச் சேனல் வைத்தோம். உள்பக்கம் 6 மிமீ தகடு, தகட்டின் இரண்டு முனையும் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, நீளவாக்கில் மட்டும் வெல்டிங். சேனலின் கீழ் உதட்டுக்குக் குறுக்கே ஒரு பொட்டு வெல்டிங்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாங்கிகளுக்கு 7018 என்ற வெல்டிங் ராடு, பாக்கெட் அன்றைக்குத்தான் பிரித்தது. சாரல் பெய்கிற மாதங்களில் இந்த ராடைத் திறந்து வைத்தால் ஈரம் குடித்துவிடும், வெயிலில் போட்டு எடுப்பதெல்லாம் போதாது, சூட்டுப் பெட்டி வேண்டும். எங்கள் நல்ல காலம், வேலை நடந்தது சித்திரையில்.

தாங்கியை எப்படியும் புதிதாக ஒட்டுகிறோம் என்பதால் ஆக்சிலை 60 மிமீ பின்னால் தள்ளினேன், கொக்கி எடை கூட்டுவதற்காக. இங்கேதான் கோணல் விஷயம். பழையதைப் பொருத்தியவர்கள் பெட்டியின் பக்கத் தகட்டில் இருந்து மூலைமட்டம் பிடித்திருக்கிறார்கள். பெட்டி சதுரமாக இல்லை. குறுக்கு மூலைகளை அளந்தால் 18 மிமீ வித்தியாசம். பெட்டிக்கு ஆக்சில் ஒழுங்காகத்தான் இருந்தது, இழுவை வளையத்துக்குத்தான் இல்லை. வெல்டரும் பெட்டி ஓரத்தைத்தான் பிடித்து அளக்கப் போனார், பழக்கம். டேப்பை வளையத்தில் இருந்து பிடிக்க வைத்தேன். தாங்கிகளைப் பொட்டு வைத்து நிறுத்தி, ஸ்பிரிங், ஆக்சில், ஹப் எல்லாம் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி ஸ்பிரிங்கை உட்காரவிட்டு, அப்புறம் மீன் தராசு. முதலில் 6 மிமீ. இடது முன் தாங்கியின் பொட்டைத் தட்டி உடைத்து, நகர்த்தி, மறுபடி அளந்தால் 2. அது போதும் என்று முழு வெல்டிங். வெல்டிங் சூட்டில் இழுத்துவிடுமோ என்று பயந்து ஆறிய பிறகு மறுபடி அளந்தேன், 2 தான்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்போது சக்கரம் சக்கரப் பெட்டிக்குள் கொஞ்சம் கோணலாகத் தெரியும். கண்ணுக்குக் கோணல், ரோட்டில் நேர். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், விளக்கி அலுத்துவிட்டது.

ஆக்சிலின் மேல் ஸ்பிரிங் உட்கார 10 மிமீ தகடு, நடுவில் சென்டர் போல்ட் தலைக்கு ஓட்டை. அந்தத் தகட்டையும் கம்பியின் நீளவாக்கில்தான் ஒட்டினோம், குறுக்கே இல்லை. யூ போல்ட் 14 மிமீ, நாலும் புதிது. மாட்டுவதற்கு முன்னால் தகட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஜிங்க் பிரைமரை ஈரமாகவே பூசி மூடினேன், பழைய ஆக்சிலைத் தின்ற துரு பிறந்த இடம் அதுதானே.

பேரிங்கில் கிரீஸ் அடைப்பது எனக்குப் பிடித்த வேலை. இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு லித்தியம் கிரீஸ், வலது கையில் பேரிங், அகலமான பக்கத்தைக் கீழே வைத்து உள்ளங்கை ஓரத்தில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் கிரீஸ் சின்னச் சின்னப் புழுவாக எட்டிப் பார்க்கும்வரை, சுற்றிலும். மேலே தடவிவிட்டு மாட்டினால் அது கிரீஸ் போட்டதாகவே ஆகாது. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும், சுற்று கனமாகிற இடத்தில் நிறுத்தி, காட்டர் பின் ஓட்டைக்கு நேராக வரும் அடுத்த வெட்டு வரை தளர்த்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருந்தால் சரி.

பெயின்ட் ஜிங்க் பிரைமர் இரண்டு கோட், மேலே கறுப்பு எனாமல். சேனலின் உள்பக்கம் பிரஷ் போகாத இடத்தில் முந்திரித் தோட்டு எண்ணெய் விட்டேன், வள்ளத்து மரத்துக்கு அடிக்கிற அதே எண்ணெய். இரும்பில் எவ்வளவு காலம் நிற்கிறது என்று இனிமேல் பார்க்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

செலவு: கம்பி 4,700, கடைசல் 5,500, ஸ்டட்டோடு ஹப் ஒரு ஜோடி 4,200, பேரிங்கும் சீலும் 2,600, ஸ்பிரிங் 3,800, யூ போல்ட்டும் தகடும் 1,300, ஷாக்கிள் பின், புஷ் 900, சேனலும் தகடும் 2,900, வெல்டிங் கூலி ராடோடு 4,500, பெயின்ட் 1,600, திருப்பிக் கொடுத்த ஆக்சிலில் போன 1,500. மொத்தம் 33,500 ரூபாய். டயர் இதில் சேரவில்லை, சாயாவும் பழம்பொரியும் சேரவில்லை. சேசிஸ் நன்றாக இருக்கிற வண்டியாக இருந்தால் இதில் ஏழாயிரம் வரை குறையும்.

ஓட்டம் பார்த்தது முதலில் ஊருக்குள், அப்புறம் தக்கலைக்கு, அப்புறம்தான் குலசேகரம் வளைவுகள். சக்கர நட்டுகளை 100 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்சால் இறுக்கியிருந்தேன், இருபது கிலோமீட்டர் தாண்டி நிறுத்திப் பார்த்தால் இரண்டு நட்டு கொஞ்சம் ஏறியது. ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு யூ போல்ட்டுகள் கால் சுற்று வாங்கின, புது ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உட்காரும்போது அப்படித்தான், இதைச் செய்யாமல் விட்டால் சென்டர் போல்ட் அறுந்துவிடும். எடைமேடையில் கொக்கி எடை இப்போது 130 கிலோ. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு டயரும் ஒரே அளவு தெரிகின்றன.

மறுபடி செய்தால் மாற்றுவது என்று பார்த்தால், முதலாவது பிரேக். இந்த வண்டிக்கு முன்பும் பிரேக் இல்லை, இப்போதும் இல்லை, அதனால் நாற்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை, இறக்கத்தில் அதுவும் இல்லை. ஆக்சில் லேத்தில் இருக்கும்போதே பிரேக் தட்டு மாட்ட ஒரு சதுரத் தகட்டை வைத்து ஒட்டி, முகத்தை அதோடு சேர்த்துக் கடைந்திருந்தால் ஆயிரத்து ஐநூறு ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது போட வேண்டும் என்றால் ஆக்சிலைக் கழற்றி மறுபடி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மழை முடிந்து ஐப்பசி கார்த்திகை தாண்டியதும் அதைச் செய்வதாக இருக்கிறேன்.

இரண்டாவது, 60 மிமீ தள்ளியது கொஞ்சம் அதிகம். சக்கரப் பெட்டியில் டயருக்குப் பின்னால் 95 மிமீ இடைவெளி இருந்தது இப்போது 35 ஆகிவிட்டது, குலசேகரம் போன அன்று ஒரு ஜல்லி அங்கே சிக்கிக் கொஞ்ச தூரம் கறகறவென்று சத்தம் போட்டது. கணக்குப் பார்த்தால் 40 மிமீ தள்ளியிருந்தாலே கொக்கி எடை 120க்கு மேல் வந்திருக்கும். தாங்கியை இனி உடைக்கப் போவதில்லை, சக்கரப் பெட்டியின் பின் தகட்டைத்தான் வெட்டி ஒரு அங்குலம் பின்னால் ஒட்ட வேண்டும், தகடு வாங்கி வைத்தாயிற்று.